இரண்டு இலட்சம் பேர் பார்த்தார்கள், நான் தேடியது பக்கத்து வீட்டை

கனடாவில், ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் நானும் அண்ணாவும் புல்வெட்டும் தொழில் தொடங்கி இது ஏழாவது கோடை. ஒரு பிக்கப் வண்டி, இரண்டு புல்வெட்டும் இயந்திரங்கள், ஓரம் வெட்ட ஒன்று, சருகு ஊத ஒன்று. ஆட்கள் என்றால் நாங்கள் இருவர்தான். முதல் இரண்டு ஆண்டுகளும் உறவினர் வீடு, கோயிலில் கண்டு பேசியவர் வீடு என்று வாய்வழியாகவே வேலை வந்தது. மூன்றாவது ஆண்டில்தான் இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் தொழிலுக்கென்று கணக்குத் தொடங்கினேன்.

அந்த ஜூன் மாதம் மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் போன பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. பின்வளவில் புல் முழங்காலைத் தாண்டி நின்றது. ரொறன்ரோவில் புல் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடாது என்பது நகரச் சட்டம். எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகே வீட்டுக்காரர் எங்களைத் தேடினார். நான் கைபேசியை வேலிக் கட்டையில் கட்டிவைத்து, மூன்று மணி நேர வேலையை 40 வினாடிக் காணொளியாகச் சுருக்கிப் போட்டேன். ஒரே வாரத்தில் இரண்டு இலட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

செய்திகள் கொட்டின. யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவன் வாழ்த்தினான். சென்னையிலிருந்து ஒருவர் இயந்திரத்தின் விலை கேட்டார். ஹமில்டன், ஓஷவா, பிரம்ப்டன் என்று எட்டுத் திசையிலிருந்தும் "எங்கள் வீட்டுக்கு வருவீர்களா?" என்று கேட்டார்கள். வருகிற வேலையை விடக்கூடாது என்ற எண்ணத்தில் பிரம்ப்டனில் இரண்டு வீடுகளுக்கு ஒத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை. 401 நெடுஞ்சாலையில் போக ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர அதைவிடக் கூட. இரண்டு வீட்டுக்குமாக 90 டாலர். அன்று மாலை அண்ணா வண்டிக்குள் இருந்தபடியே கொப்பியில் கணக்கை எழுதி முடித்துவிட்டு, "இன்றைக்கு வெட்டிய நேரத்தைவிட ஓடிய நேரம் மூன்று மடங்கு" என்று மட்டும் சொன்னார். அந்தக் கொப்பியை என்னிடம் நீட்டினார். நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலின் உயிர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. முன்னும் பின்னுமாக ஒரு சாதாரண வளவை இரண்டு பேர் சேர்ந்து வெட்டி, ஓரம் திருத்தி, நடைபாதையில் விழுந்த புல்லை ஊதி முடிக்க 25 நிமிடம் போதும். ஆறு வீடுகள் ஒரே தெருவில் இருந்தால் வண்டியை ஒரு முறை நிறுத்தி, இயந்திரத்தை ஒரு முறை இறக்கி, மதியத்துக்குள் முடித்துவிடலாம். அதே ஆறு வீடுகள் ஆறு மூலையில் இருந்தால் ஒரு முழு நாள் போய்விடும். கேக் செய்து அனுப்புகிறவருக்கும் சேலை விற்கிறவருக்கும் தூரத்து வாடிக்கையாளர் இலாபம்தான். எங்களுக்கு அவர் நட்டம். இதை உணர்ந்த பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். நாங்கள் ஏற்கெனவே வெட்டுகிற வீட்டுக்கு இரு பக்கத்திலும் எதிரிலும் இருப்பவர் பார்த்தாரா என்பது மட்டுமே என் கேள்வியாக இருந்தது.

அதற்கு வழி காட்டியது ஒரு புழு.

அதே ஆண்டு செப்டெம்பர் நடுப்பகுதியில், மக்கோவன் வீதிக்கு அருகே நாங்கள் வழமையாக வெட்டுகிற ஒரு வீட்டு அம்மா காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இரவில் யாரோ வந்து புல்லைப் பாய் மாதிரிச் சுருட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்கிறார்களோ தெரியவில்லை" என்றார். பதற்றம் குரலில் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். முன்வளவில் மூன்று இடத்தில் புல்தரை வேரோடு பிரிந்து, உண்மையிலேயே சுருட்டிய பாய்போலக் கிடந்தது. பிரியாத ஓர் இடத்தில் மண்டியிட்டுப் புல்லைக் கையால் பிடித்து இழுத்தேன். தலையணை உறை கழன்று வருவதுபோலச் சத்தமே இல்லாமல் வந்தது. கீழே ஈரக் களிமண்ணில் வெள்ளைப் புழுக்கள், ஒவ்வொன்றும் பிறை வடிவில் வளைந்து, செம்மண்ணிறத் தலையோடு. ஒரு சதுர அடிக்குள் எண்ணினேன்: 14. வேரை இந்தப் புழுக்கள் தின்றுவிட, புழுக்களைத் தின்ன ரக்கூன் என்ற காட்டு விலங்குகள் இரவில் வந்திருக்கின்றன. தரையைப் புரட்டியது அவற்றின் கைவரிசை.

அந்த அம்மாவிடம் கேட்டு, அப்படியே மண்டியிட்டபடி காணொளி எடுத்தேன். பாட்டு இல்லை, வேகம் கூட்டவில்லை. இடது கையில் கைபேசி, வலது கையால் புல்லைத் தூக்கிக் காட்டி, புழுக்களை ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். உங்கள் வளவில் மஞ்சள் திட்டு இருந்தால் நீங்களும் இப்படி இழுத்துப் பாருங்கள். புல் இறுக்கமாக நின்றால் அது பெரும்பாலும் தண்ணீர்க் குறை, கழன்று வந்தால் வேர்ப்புழு என்று சொன்னேன். ஒரு முறை தமிழில், ஒரு முறை ஆங்கிலத்தில். இரண்டும் ஒவ்வொரு நிமிடம்கூட இல்லை. இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் அந்தச் சுற்றுவட்டாரத்து மக்கள் இருக்கும் முகநூல் குழுவில், நடத்துநரிடம் அனுமதி கேட்டுப் போட்டேன். எந்தச் சந்திக்கும் எந்தச் சந்திக்கும் இடையில் என்பதையும் எழுதினேன். வீட்டு எண்ணை எழுதவில்லை.

பார்த்தவர்கள் 400 பேர்கூட இல்லை. ஆனால் இரண்டு நாளில் அதே தெருவிலிருந்தும் பின்தெருவிலிருந்தும் ஒன்பது வீட்டார் அழைத்தார்கள். யோசித்தால் காரணம் வெளிச்சமாகவே இருக்கிறது. இந்தப் புழுக்களின் தாய் வண்டுகள் ஜூன், ஜூலையில் பறந்து புல்தரையில் முட்டையிடுகின்றன. அவை வேலி பார்ப்பதில்லை. ரக்கூனும் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒரு வீட்டில் புழு என்றால் தெருவே அன்று காலை அதே கவலையோடுதான் எழும்பியிருக்கும். நான் அவர்களுடைய கவலைக்குப் பெயர் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்த ஒன்பது பேரில் எல்லாருக்கும் நான் வேலை செய்யவில்லை. இந்தப் புழுவுக்கு நாங்கள் இங்கே பயன்படுத்துவது நெமடோட் என்ற கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. உயிருள்ளது, குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். வெயில் பட்டால் சாகும் என்பதால் மாலையில், மண்ணை நன்றாக நனைத்துத் தெளிக்க வேண்டும். வேர்ப்புழு இளசாக இருக்கும் ஆகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும்தான் காலம். முதலில் அழைத்த ஐந்து வீடுகளுக்கு அந்த வாரமே தெளித்தோம். மற்ற நால்வரும் முடிவெடுக்க ஒக்டோபர் நடுப்பகுதி ஆகிவிட்டது, மண் குளிர்ந்துபோயிருந்தது. "இப்போது தெளித்தால் உங்கள் காசு மண்ணுக்குள் போகும். பிரிந்த புல்லை மிதித்து அமர்த்தித் தண்ணீர் விடுங்கள், அடுத்த ஆகஸ்டில் நானே அழைக்கிறேன்" என்றேன். அதையே குழுவிலும் பொதுவாக எழுதினேன். அடுத்த ஆகஸ்டில் நால்வரில் மூவர் வந்தார்கள், ஒருவர் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு. விலைக்குறைப்பு அறிவித்துப் போட்ட எந்தப் பதிவும் எனக்கு இந்த அளவு கொண்டுவந்து தரவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பதிவையும் ஒரு குறிப்பிட்ட வாரத்துக்கும் ஒரு குறிப்பிட்ட கவலைக்கும் எழுதத் தொடங்கினேன். பனி உருகும் மார்ச் கடைசியில் புல்மேல் சாம்பல் நிற வட்டங்கள் தெரியும். புல் செத்துவிட்டது என்று பலர் பயப்படுவார்கள். அது பனிப் பூஞ்சணம். தரை காய்ந்த பிறகு குப்பைவாரியால் மெல்லக் கிளறிவிட்டால் பெரும்பாலும் தானே தேறிவிடும். இதைச் சொல்வதால் நமக்கு வேலை இல்லாமல் போகிறதே என்று அண்ணா ஒருமுறை கேட்டார். அந்த வேலை போனால் போகட்டும். கோடை முழுவதும் வெட்ட ஆள் தேடுகிறவர் ஏப்ரலில் யாரை நினைப்பார் என்பதுதான் எனக்கு வேண்டியது.

மே மாதம் டான்டிலியன் என்ற மஞ்சள் பூக் களையின் மாதம். தெரு முழுக்க மஞ்சள். "நல்ல மருந்தாக அடித்துவிடுங்கள்" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. 2009 ஏப்ரல் 22 முதல் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் வீட்டுப் புல்தரையின் அழகுக்காக வழமையான களைகொல்லிகளை அடிப்பது தடை. இத்தனை ஆண்டு ஆகியும் பலருக்குத் தெரியாது. எல்லை தாண்டி வாங்கிவந்து அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதைப் பற்றி எழுதும்போது நான் யாரையும் அதட்டுவதில்லை. நீண்ட முனையுள்ள களைக்கத்தியை மழை பெய்த மறுநாள் இறக்கி, ஆணிவேரை முழுதாகப் பிடுங்கிக் காட்டும் படம் போடுகிறேன். பக்கத்தில் ஓர் அளவுகோல். வேர் என் கையளவு நீளம். அந்தப் படத்தைப் பார்த்தவர் மேலே பூவைக் கிள்ளிப் பயனில்லை என்று தானாக விளங்கிக்கொள்கிறார்.

அளவுகோல் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம்மவர்களில் பலருக்குப் புல்லை மொட்டையாக வெட்டினால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடந்ததாகத் திருப்தி. மூன்று அங்குலம் விட்டு வெட்டினால் "தம்பி, மேலால் தடவிவிட்டுப் போகிறார்" என்பார்கள். இதற்காக ஒரே வீட்டு வளவில் ஒரு பாதியை வீட்டுக்காரர் கேட்டபடி ஒட்ட வெட்டியும், மறு பாதியை மூன்று அங்குலத்திலும் வைத்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஒரு படம் எடுத்தேன். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், ஒரே காலை நேரத்தில். இதைச் செய்ய விரும்புகிறவர்கள் நிற்கும் இடத்தில் ஒரு கல்லைப் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கோணம் மாறினால் யாரும் நம்பமாட்டார்கள். ஜூலை வெயிலில் ஒட்ட வெட்டிய பாதி வைக்கோலாகிவிட்டது. வாசகம் எதுவும் தேவைப்படவில்லை. இன்றும் யாராவது மொட்டையாக வெட்டச் சொன்னால் அந்தப் படத் தொடரைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

தவறுகளும் செய்திருக்கிறேன். அவற்றைச் சொல்லாமல் விட்டால் இதைப் படிக்கிறவருக்கு நான் பாதிதான் உதவியவன் ஆவேன்.

ஒருமுறை ஒரு வீட்டின் முன்வளவைச் செம்மையாக்கிப் படம் போட்டேன். வீட்டு எண்ணும், நின்ற காரின் இலக்கத் தகடும் தெளிவாகத் தெரிந்தன. அன்று இரவே அந்த வீட்டுப் பெண் அழைத்தார். கோபப்படவில்லை, அழுதார். தான் எங்கே இருக்கிறேன் என்று சிலருக்குத் தெரியக்கூடாத நிலை அவருக்கு. உடனே நீக்கினேன், மறுநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாளே படம் எடுக்கலாமா, வெளியில் போடலாமா என்று இரண்டு கேள்வியாகக் கேட்டு, பதிலை எழுதிவைக்கிறேன். எடுக்கும்போதே கமெராவைத் தரையை நோக்கித் தாழ்த்துகிறேன். புல்லைக் காட்டப் புல் போதும்.

இன்னொன்று, வாட்ஸ்அப். ஊர்ச் சங்கக் குழு ஒன்றில் இருந்த எண்களையெல்லாம் எடுத்து, வசந்தகாலச் சலுகை என்று 180 பேருக்கு அனுப்பினேன். ஒரு பெரியவர் அழைத்து, "என் எண்ணை உங்களுக்கு யார் தந்தது?" என்று அமைதியாகக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பிறகுதான் சட்டத்தையும் படித்தேன். கனடாவில் 2014 ஜூலை 1 முதல், சம்மதம் இல்லாமல் வணிகச் செய்தியை மின்னஞ்சலிலோ கைபேசியிலோ அனுப்பக்கூடாது. நம்மிடம் வேலை செய்வித்தவருக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், விலை விசாரித்தவருக்கு ஆறு மாதங்கள் வரையும் அனுப்பலாம். அனுப்புகிறவர் யார் என்பது தெரிய வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். இப்போது என் பட்டியலில் 63 பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் 63 பேரும் என் எண்ணைத் தங்கள் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறவர்கள். வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் செய்தி போய்ச் சேருவதே அப்படிப் பதிந்தவர்களுக்கு மட்டும்தான். அவர்களுக்கு மாதம் ஒரு செய்தி, அதற்குமேல் இல்லை.

காசு கொடுத்து விளம்பரம் போட்டதில் சொல்ல அதிகம் இல்லை. முதல் முறை ரொறன்ரோ முழுவதற்கும் விட்டு 200 டாலர் போனது, ஒரு வீடும் வரவில்லை. இப்போது எங்கள் வண்டி செவ்வாய்க்கிழமை நிற்கும் தெருவின்மேல் வரைபடத்தில் குத்தி, வட்டத்தை முடிந்த அளவு சுருக்கி, ஏப்ரலில் இரண்டு வாரம் மட்டும் நாளுக்கு 5 டாலர் போடுகிறேன். வாசகம் ஒன்றே: "செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் தெருவில் இருக்கிறோம்." வண்டியை நேரில் கண்டவர் கைபேசியிலும் அதைக் காணும்போது அழைக்கிறார்.

கூகுளில் வரும் மதிப்புரைகளைப் பற்றி ஒரு சம்பவம். ஓரம் வெட்டும் கருவியின் நைலோன் நூல் பட்டு ஓர் இளம் மேப்பிள் மரத்தின் அடிப்பட்டை சுற்றிவரக் கிழிந்துவிட்டது. செய்தவன் நான்தான். வீட்டுக்காரர் ஒரு நட்சத்திரம் போட்டு, படத்தோடு எழுதினார். நண்பர்கள் சிலர் பத்துப் பேரைக் கொண்டு நல்லதாக எழுதுவித்துக் கீழே தள்ளச் சொன்னார்கள். வேலை செய்விக்காதவர் எழுதும் புகழுரை பொய். அதை என்னால் வாங்க முடியாது. அந்த மதிப்புரைக்குக் கீழேயே எழுதினேன்: தவறு என்னுடையது, பட்டை சுற்றிவரக் கிழிந்தால் மரம் பிழைப்பது கடினம், அடுத்த வாரம் அதே வகைக் கன்றை நாங்களே வாங்கி நடுகிறோம், இனி மரத்தைச் சுற்றி ஓர் அடிக்கு மரச்சீவல் பரப்பிவிட்டு அதற்குள் கருவியைக் கொண்டுபோகமாட்டோம். சொன்னபடி செய்தோம். அவர் தன் நட்சத்திரத்தை மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் புதிதாக வந்த இரண்டு வீட்டார் "அந்த மரத்துக்கு நீங்கள் எழுதிய பதிலைப் படித்துத்தான் அழைத்தோம்" என்றார்கள்.

நல்ல மதிப்புரை கேட்பதற்கும் நேரம் இருக்கிறது. வெட்டி முடித்து, டிரைவ்வேயில் கிடக்கும் புல்லை ஊதி, வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து பார்க்கும் அந்த ஐந்து நிமிடம். மாலையில் இணைப்பை அனுப்பினால் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் முடிவெடுப்பவர் ஒருவர், தேடிப் பார்ப்பவர் இன்னொருவர். தமிழ்ப் பெற்றோர் என் காணொளிகளுக்குக் கீழே ஒரு சொல்லும் எழுதுவதில்லை. வாட்ஸ்அப்பில் குரலாகவே பேசி அனுப்புவார்கள். அதற்குக் குரலாலேயே பதில் சொல்ல வேண்டும், எழுதி அனுப்பினால் அந்நியமாகிவிடும். அவர்களுடைய மகளோ மகனோ இன்ஸ்டாகிராமில் ஆங்கிலத்தில் விலை கேட்பார்கள். பலமுறை இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே நாளில் கேட்டிருக்கிறார்கள். அதனால் இருவருக்கும் ஒரே விலை சொல்வதற்கு வீட்டு விலாசத்தை முதலில் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்கும் ஜமைக்கா முதியவருக்கும் ஆங்கிலக் காணொளி போய்ச் சேருகிறது. தெரு என்றால் தமிழர் மட்டும் இல்லையே.

ஆண்டு ஒப்பந்தத்துக்கான பதிவை பெப்ரவரியில் போடுகிறேன், வெளியில் பனி முழங்கால் அளவு கிடக்கும்போது. பனி வழிக்கும் வேலையில் நிற்கும்போதே போன ஜூன் மாதத்துப் பச்சையை அதே வாசலிலிருந்து காட்டுவேன். மே மாதத்தில் விளம்பரம் செய்கிறவரிடம் மிஞ்சியவர்கள்தான் வருவார்கள். நல்ல வாடிக்கையாளர்கள் மார்ச் முடிவதற்குள் யாரையோ பேசி வைத்துவிடுகிறார்கள்.

அண்ணாவின் கொப்பியில் இப்போது ஒரு புதிய நிரல் இருக்கிறது: இவர் எப்படி வந்தார். ஒவ்வொரு புதிய வீட்டிலும் கேட்டு எழுதுகிறோம். போன ஆண்டு வந்த 22 வீடுகளில் 13 வீடுகளுக்கு நேராக "பக்கத்து வீடு, பிறகு காணொளி" என்று இருக்கிறது. வேலிக்கு மேலால் எங்களைக் கண்டிருக்கிறார்கள், வண்டியில் உள்ள பெயரைத் தேடியிருக்கிறார்கள், புழுவை எண்ணிய காணொளியைப் பார்த்திருக்கிறார்கள், பிறகுதான் அழைத்திருக்கிறார்கள்.

மக்கோவன் பக்கத்து அந்தத் தெருவில் இந்தக் கோடையில் 14 வீடுகள். செவ்வாய் காலை ஏழரைக்கு வண்டியை முதல் வீட்டின் முன் நிறுத்தினால் பின்னேரம் வரை அதை அசைக்கத் தேவையில்லை. பாய் சுருட்டியதென்று அழைத்த அம்மாவின் புல் இறுகிவிட்டது, இழுத்தால் வருவதில்லை. போன வாரம் அவர் தன் கைபேசியில் எடுத்த ஒரு படத்தை அனுப்பியிருந்தார். எதிர்வீட்டு வளவின் மூலையில் ஒரு மஞ்சள் திட்டு. கீழே குரலில், "தம்பி, இது தண்ணீர்க் குறையா, புழுவா? அவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள், கேட்டுச் சொல்கிறேன் என்றேன்" என்று இருந்தது.